உலகம் போன பின்னும் பூமி: மூன்று சனிக்கிழமை நடைகள் பற்றிய மதிப்புரை

தமிழில் ‘உலகம்’ என்னும் சொல் மண்ணையும் குறிக்கும், மக்களையும் குறிக்கும். ‘உலகம் என்ன சொல்லும்’ என்று வீட்டில் ஒருவர் கவலைப்படும்போது அவர் மலையையும் கடலையும் எண்ணிக் கவலைப்படுவதில்லை. அண்டை அயலாரைத்தான் எண்ணுகிறார். அன்றாடப் பேச்சில் இந்த இரட்டைப் பொருள் ஒரு தொல்லையும் தருவதில்லை. ஆனால் ‘உலகம் அழிந்துவிடுமா’ என்று ஒரு குழந்தை கேட்டால், எந்த உலகத்தைப் பற்றிக் கேட்கிறது என்று நின்று யோசித்தாக வேண்டும். பதினொரு வயதாகும் என் பேத்தி சென்ற ஆண்டு ஓர் இரவு, ‘தாத்தா, மனுசங்க எல்லாரும் செத்துப்போயிட்டா பூமியும் செத்துப்போயிடுமா?’ என்று கேட்டாள். ‘போகாது, கண்ணு’ என்று உடனே சொல்லிவிட்டேன். ‘எப்படித் தெரியும்?’ என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை.

என் மகள் இந்த வழிகாட்டி நடையைப் பற்றிச் சொன்னது அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு. அடுத்தடுத்த மூன்று சனிக்கிழமைக் காலைகளில், சிங்கப்பூரின் மூன்று இடங்களில், முழுக்கத் தமிழிலேயே நடத்தப்படும் நடை அது. மனித இனம் இல்லாமற்போனால் இந்தத் தீவில் எது நிற்கும், எது விழும், எது வந்து சேரும் என்பதை நேரில் காட்டி விளக்குவதாக அறிவித்திருந்தார்கள். மூன்று நடைகளுக்கும் சேர்த்துப் பெரியவர்களுக்கு 75 வெள்ளி, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 40 வெள்ளி. படகுக் கூலி தனி. உயிரியல் படித்த இரு பெண்கள் தங்கள் வேலைக்கு நடுவே வார இறுதியில் நடத்தும் சிறு முயற்சி. இன்னும் சோதனை அளவில் நடப்பதாலும், குறைகளையும் நான் எழுதப் போவதாலும், பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முதல் நடைதான் மூன்றிலும் சிறந்தது. அதற்காகவே கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம் என்பேன். ஹில்வியூ பக்கத்திலிருந்து தெற்கு நோக்கி, புக்கிட் தீமா பழைய ரயில் நிலையம் வரை, பழைய ரயில் பாதையில் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர். 2011 ஜூன் 30ஆம் தேதி தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டுப் போன பிறகு, உட்லண்ட்ஸ் வரை நீண்டிருந்த 24 கிலோமீட்டர் பாதை சிங்கப்பூரிடம் வந்தது. அந்த ரயிலில் ஈப்போவுக்குப் பலமுறை போய்வந்தவன் நான். தண்டவாளம் பெயர்க்கப்பட்ட மறு ஆண்டே இந்தப் பாதையில் நடந்திருக்கிறேன். அப்போது லாலாங் புல் இடுப்பு வரை ஏறியிருந்ததும், சரளைக்கல்லின் இடுக்குகளில் பெரணி தலைநீட்டியதும் நினைவில் இருக்கின்றன. யாரும் நட்டதில்லை. இப்போது பாதையைச் செப்பனிட்டு ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள் என்றாலும், பாதையோரத்துப் பசுமையில் பெரும்பகுதி தானாக வந்ததுதான்.

வழிகாட்டி, அனைவரும் ‘அக்கா’ என்றே அழைத்தோம், அந்த மூன்றரை கிலோமீட்டரை உயிரின் வரலாறாக ஆக்கிவிட்டார். ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு என்பது கணக்கு. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதிப் பாறைகளில் நுண்ணுயிர்ப் படலங்கள் விட்டுச் சென்ற தடங்கள் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுப் பழமையானவை. அந்தக் காலத்தில் நாங்கள் புறப்பட்டோம். ‘ஒரு கோடின்னா எத்தனை மில்லியன் அக்கா?’ என்று என் பேத்தி கேட்டாள். ‘பத்து மில்லியன்மா’ என்று அவர் விரலை விரித்துக் காட்டினார். அதற்குப் பின் பிள்ளைகள் யாரும் கணக்கில் தடுமாறவில்லை. புறப்பட்டு ஒரு கிலோமீட்டர் கடந்ததும் நிறுத்தினார். 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பச்சைப் பாசி வெளிவிட்ட ஆக்சிஜன் காற்றில் சேரத் தொடங்கிய இடம் அது. அக்காலத்து உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் நஞ்சு. பூமியின் காற்றையே மாற்றிய முதல் உயிர் மனிதன் இல்லை என்பதை அவர் சொன்ன விதம் எளிமையாக இருந்தது. அதைச் சொல்லி நம் செயல்களுக்கு மன்னிப்புத் தேடாமல் விட்டதும் எனக்குப் பிடித்தது.

மறுபடியும் நீண்ட நடை. ‘இன்னும் பாசிதானா?’ என்று ஒரு சிறுவன் சலித்துக்கொண்டான். அந்தச் சலிப்பே பாடம் என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் விலங்குகள் தோன்றுவதற்குள் பாதையில் இரண்டே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் கழிந்துவிட்டது. அதுவரை பூமி முழுக்க உயிர் இருந்தது. பார்க்கவும் பெயரிடவும்தான் யாரும் இல்லை. ரயில் நிலையத்துக்கு 470 மீட்டர் இருக்கும்போது செடிகள் நிலத்தில் ஏறின. 252 மீட்டர் இருக்கும்போது பெர்மியன் காலப் பேரழிவு வந்தது: சைபீரியாவில் எரிமலைகள் நெடுங்காலம் குழம்பைக் கக்கின, வளிமண்டலம் சூடேறியது, கடல் அமிலமாகி மூச்சுத்திணறியது, கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் அழிந்தன. அங்கிருந்து சில எட்டு வைத்து நடந்து, உயிர்களின் பன்மை மீண்டு நிமிர இவ்வளவு தூரம் ஆயிற்று என்று காட்டினார். ஏறக்குறைய பத்து மீட்டர், அதாவது ஒரு கோடி ஆண்டு. 66 மீட்டரில் விண்கல் மோதி டைனோசர்கள் மறைந்தன. அந்த இடத்தில் மரக்கிளையில் இருந்த ஒரு கொண்டைக்குருவியைக் காட்டி, ‘எல்லா டைனோசரும் போகலை, இதோ இருக்கு’ என்றார்.

நிலையத்தின் மேடையோரத்தில் என்னை நிற்கச் சொன்னார். மனித இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டு. கணக்குப்படி 30 சென்டிமீட்டர். என் காலணியின் நீளம் அவ்வளவுதான். திருக்குறளும், சோழர் கப்பலும், நான் ஏறிய ஈப்போ ரயிலும், நாங்கள் நடந்து வந்த தூரத்தின் கடைசி இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட்டன. பிறகு அவர் தெற்கே கையை நீட்டினார். பாதை தஞ்சோங் பகார் நோக்கி இன்னும் போகிறது. நூறு கோடி ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு என்ற அளவில் சூரியனின் ஒளி கூடிக்கொண்டு வருவதால், கடலும் செடியும் தாக்குப்பிடிக்கக்கூடிய காலம் சுமார் நூறு கோடி ஆண்டு. அது இன்னும் ஒரு கிலோமீட்டர். என் காலணி அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஒரு கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறது. என் பேத்தி அந்தப் பக்கமே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘எப்படித் தெரியும்?’ என்ற அவளுடைய கேள்விக்கு என்னால் தர முடியாத பதில் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

நடுவழியில், இடப்பக்கம் புக்கிட் தீமா காடு நெருங்கி வரும் இடத்தில் அவர் சொன்னவற்றையும் பதிவுசெய்ய வேண்டும். இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரசல் வாலஸ் 1854இல் இங்கே வந்து, ஏறத்தாழ இரண்டு மாதத்தில், இந்த மலையைச் சுற்றிய சிறு பரப்பில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அப்போதே காடு வேகமாக வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கேம்பியரும் மிளகும் பயிரிட்டு, மண் சோர்ந்ததும் விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். இன்று காப்பகத்தின் பரப்பு 163 ஹெக்டர். 1819 முதல் சிங்கப்பூர் தன் இயற்கை வாழிடங்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் இழந்திருக்கிறது என்றும், பதிவான இனங்களில் குறைந்தது 28 விழுக்காடு இங்கிருந்து மறைந்துவிட்டன என்றும் பேரி புரூக், நவ்ஜோத் சோதி, பீட்டர் இங் ஆகியோர் 2003இல் எழுதினர். தீவின் கடைசிக் காட்டுப் புலி 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டது. பாலேட்டு நிறத்துப் பேரணில் ஒன்று கடைசியாகக் கண்ணில் பட்டது 1995இல், இதே புக்கிட் தீமாவில். மரங்கள் நிற்கின்றன, அணில் இல்லை.

நம்மோடு சேர்ந்து போகக்கூடியவை பற்றியும் அங்கேதான் பேசினார். மனிதத் தலையில் வாழும் பேனுக்கு வேறு வீடு கிடையாது. நாம் போனால் அதுவும் போகும். பூச்சாடித் தண்ணீரில் முட்டையிட்டு மனித இரத்தத்தைத் தேடிவரும் ஏடிஸ் கொசு நகரங்களில் குறைந்துபோகும். அதன் மூதாதையர் ஆப்பிரிக்கக் காட்டில் விலங்குகளை நம்பி வாழ்ந்ததால் அடியோடு அழியும் என்று சொல்ல முடியாது. உணவங்காடி மேசைகளில் நம் தட்டைப் பார்த்து நிற்கும் மைனாவும் காகமும் இளைக்கும். மக்காச்சோளம் தன் விதையைத் தானே உதிர்க்காது. மனிதக் கை உரிக்காவிட்டால் அதற்கு வழியில்லை. பூமியின் பாலூட்டிகளை எல்லாம் நிறுத்துப் பார்த்தால் 60 விழுக்காடு நம் கால்நடை, 36 விழுக்காடு நாம், காட்டு விலங்குகள் வெறும் 4 விழுக்காடு என்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. இந்தக் கணக்கைக் கேட்டபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

கட்டடங்கள் எப்படி விழும் என்பதை விளக்க அவர் எடுத்த உதாரணம் நம்மவர்களுக்கென்றே அமைந்தது. கோயில் கோபுரத்தில் பறவை எச்சத்திலிருந்து முளைக்கும் அரசங்கன்றை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குக்கு முன் திருப்பணி செய்து அதைக் களைகிறோம். களைய ஆளில்லாத கோபுரத்தில் வேர் சுதையைப் பிளந்து உள்ளே இறங்கும். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், அடுக்குமாடிக்கும் அதுதான் நடக்கும்: ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், இலை அடைத்த வடிகாலில் தண்ணீர் தேங்கும், வெடிப்பில் நீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும், துருவேறிய கம்பி பருத்துக் காங்கிரீட்டை உடைக்கும். மின்சாரம் நின்றதும் பம்புகளும் நிற்பதால் பெருவிரைவு ரயிலின் சுரங்கப்பாதைகள் அதற்கு வெகு முன்பே நீரில் மூழ்கியிருக்கும். எந்த ஆண்டில் எது விழும் என்று அவர் தேதி குறித்துச் சொல்லாதது நல்லது.

இனி, குறைகள். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று அறிவித்துவிட்டு, எங்களை 24 பேராக நடத்தினார்கள். முதல் நடையில் பின்வரிசையில் இருந்தவர்களுக்குப் பாதி கேட்கவில்லை. இதைத் திருத்துவது எளிது. அச்சிட்டுக் கொடுத்த கையேட்டைத் திருத்துவதுதான் அவசரம். அதன் அட்டையில் ‘மனிதர்களுக்குப் பிறகு வாழ்க்கை தொடருமா?’ என்று போட்டிருக்கிறார்கள். வாழ்க்கை என்பது வாழ்கிறவருடையது: பள்ளிக்கூடம், கல்யாணம், கடன், கனவு எல்லாம் அதில் அடங்கும். இங்கே கேட்கப்படுவது உயிரைப் பற்றி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் நேர்ந்த தவறு இது. தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கும்போது அதைக் கைவிடுவது பெரிய இழப்பு. ஏனென்றால் இந்த நடைகளின் விடையே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. உயிர் தொடரும் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. அந்தப் பேரணிலின் வாழ்க்கை இங்கே தொடரவில்லை.

கையேட்டில் இன்னொரு பிழை, அணுப்போருக்குப் பின் கரப்பான்பூச்சி மட்டுமே மிஞ்சும் என்ற பழைய கதை. கரப்பான்பூச்சி மனிதனைவிடக் கதிரியக்கத்தைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் பல பூச்சிகள் அதைவிட அதிகம் தாங்கும். மனிதனைக் கொல்ல 5 கிரே அளவிலான கதிரியக்கம் போதும்; டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்னும் பாக்டீரியா 5,000 கிரேயையும் தாங்கி, சிதறிய தன் மரபிழையைத் தானே ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் எல்லாரும் அருவருக்கும் ஒரு பூச்சியைக் காட்டிச் சிரிக்க வைப்பதற்காக இவ்வளவு வியப்பான உண்மையை விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது நடை சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில். முதல் நடையின் செறிவு இதில் இல்லை. மழையும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. இறால் குட்டைகளாக இருந்து, 1993இல் இயற்கைப் பூங்காவாகித் திறக்கப்பட்டு, 2002இல் சட்டப்படி காப்பகமான இடம் இது. முதலை ஒன்றைத் தொலைவில் கண்டோம். சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே பறக்கும் உள்ளான்கள் குட்டையோரம் நின்றன. ‘மனிதர் விட்டுப் போனார், இயற்கை வந்துவிட்டது’ என்று வழிகாட்டிகளில் இளையவர் சொன்னார். அது முழு உண்மையில்லை. அந்தக் குட்டைகளின் நீர்மட்டத்தை மதகுகள் வழியே மனிதர்கள்தான் கவனித்துவருகிறார்கள். விட்டுவிட்டால் அலையாத்தி மரங்கள் சேற்றுத்திட்டுகளை மூடி, திறந்தவெளியை நம்பி வரும் பறவைகளுக்கு நிற்க இடமில்லாமற்போகும். அலையாத்திக்கு நல்லது, உள்ளானுக்குக் கெடுதி. நாம் போவதால் ‘இயற்கை’ முழுவதற்கும் ஒரே நாளில் விடுதலை கிடைப்பதாக எண்ணுகிறவர்கள், எந்த உயிருக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

செர்னோபில் பற்றிய பேச்சிலும் அதே அவசரம் தெரிந்தது. 1986 ஏப்ரல் 26 அணு உலை விபத்துக்குப் பின் மக்கள் வெளியேற்றப்பட்ட நிலத்தில் ஓநாய்கள் பெருகியதும், 1998இல் கொண்டுவந்து விடப்பட்ட பிரெவால்ஸ்கி குதிரைகள் நிலைத்ததும் உண்மை. அதே நிலத்துத் தகைவிலான் குருவிகளின் சிறகுகளில் வெள்ளைத் திட்டுகள் பதிவானதும் உண்மை. பாதிப்பின் அளவைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். கதிரியக்கத்தைவிட மனிதக் குடியிருப்பு விலங்குகளுக்குப் பெரிய தடையாக இருந்தது என்பதுதான் அங்கே கிடைக்கும் பாடம். கதிரியக்கம் தீங்கில்லாதது என்பது பாடமில்லை.

மழைக்கு ஒதுங்கிய கொட்டகையில் நடந்த உரையாடல் அந்தக் காலையைக் காப்பாற்றியது. டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர், ‘நாம எப்படிப் போறோம்னு சொல்லாம, மத்ததுக்கு என்ன ஆகும்னு எப்படிச் சொல்றது?’ என்று கேட்டார். மூன்று நடைகளிலும் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அது. மூத்த வழிகாட்டி அதை நேராக எடுத்துக்கொண்டார். மனிதரை மட்டும் தாக்கும் நோயென்றால், காடும் கடலும் சில நூற்றாண்டுகளில் பெரிதும் தேறிக்கொள்ளும். கவனிப்பாரின்றி விடப்படும் நானூற்றுக்கும் மேற்பட்ட அணு உலைகளைச் சுற்றி நிலம் நஞ்சாகும். அணுப்போரென்றால், எரியும் நகரங்களின் கரிப்புகை சூரியனை ஆண்டுக்கணக்கில் மறைக்க, நம்மோடு சேர்ந்து எண்ணற்ற செடிகளும் விலங்குகளும் போகும். வெப்பமாதலால் என்றால், நாம் போன பின்னும் நாம் வெளிவிட்ட கரியமில வாயு தன் வேலையைத் தொடரும். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது இன்று 420ஐத் தாண்டிவிட்டது, அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றிலேயே நிற்கும். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் நம் கடலின் பவளப்பாறைகள் வெளுத்ததை அவர் நினைவூட்டினார்.

‘எப்படிப் போனாலும் எது மிஞ்சும்?’ என்று அண்ணன் விடவில்லை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில், 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், சூரியனையே அறியாமல், பாறையின் கதிரியக்கம் நீரைப் பிளப்பதால் கிடைக்கும் ஹைட்ரஜனை உண்டு வாழும் பாக்டீரியாவைப் பற்றி அவர் சொன்னார். கடலை முழுக்கக் கொதிக்க வைத்தாலும் அதற்குச் செய்தி போய்ச் சேர நாளாகும். 1977இல் கலாபகோஸ் அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் கண்டறியப்பட்ட உயிர்க்கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். அங்குள்ள விலங்குகள் பலவற்றுக்கு மேலே பச்சைச் செடிகள் ஆக்கிய ஆக்சிஜன் தேவை, நுண்ணுயிர்களில் பலவற்றுக்கு அதுவும் வேண்டாம் என்ற திருத்தத்தை அவரே செய்தார். இந்த நேர்மைக்காகவே இளையவரின் அவசரத்தை நான் மன்னித்துவிட்டேன்.

மூன்றாவது நடை பூலாவ் உபினில். சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் புறப்படும் படகில் ஏறினோம். படகு இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி வழிகாட்டி கிரக்கத்தோவாவின் கதையைத் தொடங்கினார். நம்மிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குள், சுண்டா நீரிணையில், 1883 ஆகஸ்ட் 27 அன்று வெடித்த எரிமலை. ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தள்ளியிருந்த ரொட்ரிகஸ் தீவில் ஓசை கேட்டது. 36,000க்கும் மேற்பட்ட மக்கள் மடிந்தனர். எஞ்சிய தீவின் மேல் சூடான சாம்பல் பல மீட்டர் உயரத்துக்கு மூடியது. அடுத்த ஆண்டு மே மாதம் அங்கே இறங்கிய பிரெஞ்சுக் குழு கண்ட ஒரே உயிர் ஒரு சிறு சிலந்தி. பின்னர் நீலப்பச்சைப் பாசி, பெரணி, புல், அத்தி மரங்கள் என்று ஒவ்வொன்றாக வந்து சேர, ஐம்பது ஆண்டுக்குள் தீவைக் காடு மூடிவிட்டது. ‘அந்தச் சிலந்தி எப்படிப் போச்சு?’ என்று என் பேத்தி கேட்டாள். நூலைக் காற்றில் விட்டுப் பறந்து. பக்கத்தில் ஜாவாவும் சுமத்ராவும் பசுமையாக இருந்ததால் அனுப்புவதற்கு உயிர் இருந்தது என்பதை வழிகாட்டி சேர்த்தே சொன்னார்.

உபினில் இறங்கியதும் அதே செய்தி இன்னொரு வடிவில் காத்திருந்தது. படகுத்துறை தாண்டிச் சிறிது தூரத்தில் இருவாச்சி ஒன்று தென்னை மட்டையில் வந்து அமர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சிங்கப்பூரிலிருந்து மறைந்த பறவை அது. 1994இல் உபினில் மறுபடி தென்பட்டது. கூடு கட்டப் போதிய பெருமரப் பொந்துகள் இல்லாததால் செயற்கைக் கூடுகள் வைத்துக் கொடுத்தார்கள். இன்று நகரத்து மரங்களிலும் அதன் குரல் கேட்கிறது. அது திரும்பியதற்குக் காரணம் நீரிணைக்கு அப்பால் ஜோகூரில் அதன் சுற்றம் உயிரோடிருந்தது. பேரணிலுக்கு நீந்திவர அப்படியொரு வழி இல்லை. புக்கிட் தீமா பாதையில் எனக்குள் தைத்த வேறுபாடு இங்கேதான் தெளிந்தது: திரும்புவதற்கு எங்காவது மிச்சம் இருக்க வேண்டும். பூமி முழுவதிலும் ஓர் இனம் போனால், அதன் இடத்தில் கோடி ஆண்டு கழித்து வேறொன்று வரும், அது வராது.

கம்பத்து வீடுகளைக் கடந்து, 1999இல் நின்றுபோன கருங்கல் சுரங்கங்களில் நீர் நிறைந்து நாரைகள் கூடும் ஏரிகளை வேகமாகப் பார்த்துவிட்டு, செக் ஜாவா சென்றோம். கடலை நிரப்பும் திட்டம் மக்கள் வேண்டுகோளுக்குப் பின் 2001 டிசம்பரில் தள்ளிவைக்கப்பட்டதால் தப்பிய கரை அது. 2006 இறுதியிலும் 2007 ஜனவரியிலும் பெய்த பெருமழையில் ஜோகூர் ஆற்றின் நன்னீர் பெருகிக் கடலின் உப்பைக் குறைக்க, இங்கிருந்த நட்சத்திர மீன்களும் கடற்சாமந்திகளும் கடற்பஞ்சுகளும் கூட்டமாக மடிந்தன. பின்னர் ஆண்டுகள் செல்லச் செல்லப் பல திரும்பி வந்தன. முழுமையாக அல்ல, ஒரே வேகத்திலும் அல்ல. மூத்த வழிகாட்டி அதைச் சொல்லிவிட்டு நீண்ட நேரம் பேசாமல் எங்களைப் பார்க்க விட்டார்; நேரம் போகிறதே என்று சிலர் முணுமுணுத்தார்கள், எனக்கு அந்த மௌனம் போதவில்லை.

நீர் வடிந்துகொண்டிருந்தது. அலையாத்தி வேர்களுக்கு இடையே, மரப்பலகைப் பாதைக்குக் கீழே, ஒரு குதிரைலாட நண்டு சேற்றில் கோடிழுத்தபடி நகர்ந்தது. 44 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வம்சம் இருக்கிறது. பூமியின் உயிர்களைக் கொத்தாக அழித்த ஐந்து பேரழிவுகளும் அதன் முதுகின் மேல்தான் கடந்தன. இந்தக் கரையில் வாழும் இனத்தின் இரத்தத்திலிருந்துதான், மருந்துகளில் பாக்டீரியா நஞ்சு கலந்திருக்கிறதா என்று காட்டும் புரதத்தின் மரபணுவை சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ பவ் ஆகியோர் பிரித்தெடுத்து, நண்டைப் பிடித்துக் குருதி எடுக்காமலேயே அந்தச் சோதனையைச் செய்ய வழி திறந்தார்கள். அவ்வளவு கடந்து வந்த நண்டு இன்று வலைகளிலும், நிரப்பப்படும் கரைகளிலும் குறைந்துவருகிறது.

பேத்தி பலகையில் குப்புறப் படுத்து அதைப் பார்த்துக்கொண்டே, ‘இது நமக்கு அப்புறமும் இருக்குமா அக்கா?’ என்றாள். ‘நாம இருக்கிற வரைக்கும் இதை விட்டு வைச்சா, இருக்கும்மா’ என்றார் வழிகாட்டி.

அடுத்த சுற்றுக்குப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மூன்றில் ஒன்றுக்கு மட்டும் போக விட்டால் முதல் நடையைத் தேர்ந்தெடுங்கள்; ஆனால் தனித்தனியாக விற்பதில்லை. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு முதல் இரண்டு கிலோமீட்டர் பாசி கடினமாக இருக்கும். உபின் நடையின் நாளை நீர்வற்றும் நேரத்தை வைத்து முடிவுசெய்கிறார்கள் என்பதால் சனிக்கிழமை சில நேரம் ஞாயிறாக மாறும். கையேட்டின் பிழைகளை எழுதி அனுப்பியிருக்கிறேன். அட்டையில் ‘வாழ்க்கை’யை ‘உயிர்’ என்று மாற்றுவதாக அவர்கள் பதில் எழுதினார்கள். கொடுத்த 115 வெள்ளிக்கு நானும் பேத்தியும் நிறைவோடு திரும்பினோம். இரவு படுக்கப்போகும்போது அவள் என் காலணியை எடுத்து அளந்தாள்: 29 சென்டிமீட்டர்.